ஆதாரின் பின்பக்கம்

தங்கச்சிக்கு இது இரண்டாவது பிள்ளை. அவளுக்கு ஓ நெகட்டிவ், மாப்பிள்ளைக்கு பாசிட்டிவ். பிள்ளையும் பாசிட்டிவாக இருந்தால் தாயின் உடம்பே அதன் ரத்தத்தை அழிக்கப் பார்க்கலாம். வயிற்றுப் பிள்ளைக்கு ரத்தம் குறைகிறதா என்று பார்க்க டாப்ளர் ஸ்கேன் எழுதிக்கொடுத்தார்கள். நியூசிலாந்திலிருந்து லீவுக்கு வந்த அண்ணன் சும்மாதானே இருக்கிறான், கூட்டிக்கொண்டு வேலூர் போனேன்.

ஸ்கேன் சென்டர் கவுன்ட்டரில் இருந்த பெண் ஆதார் ஜெராக்ஸைத் திருப்பிப் பார்த்தாள். "இன்னாண்ணா, பின்பக்கம் எங்க?"

பின்பக்கம்தான் அட்ரஸ். ஜெராக்ஸ் கடைக்குப் போனால் கரண்ட் இல்லை. அடுத்த கடை பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம். வேலூர் மே மாத வெயிலை உங்களுக்குச் சொல்லவா வேண்டும்? வேர்த்து வழியத் திரும்பி வந்து நீட்டினால், ஆதாரில் குடியாத்தம், டாக்டர் சீட்டில் ராணிப்பேட்டை. "ரெண்டும் ஒத்துப்போணும்ணா. ஃபார்ம் எஃப்-ல தப்பு இருந்தா சென்டருக்கே சீல் வச்சிடுவாங்க." கல்யாணமானால் பெண் புருஷன் ஊருக்குப் போவாள் என்பதை நான் அங்கே நின்று விளக்கினேன். மாப்பிள்ளையின் ஆதார் வாட்ஸப்பில் வந்து, அதற்கும் ஒரு ஜெராக்ஸ், அதே வெயில். அப்புறம், "மொத கொழந்த ஆணா பொண்ணா, வயசு இன்னா?" அவள் தலைக்கு மேலேயே போர்டு: கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று கேட்பது குற்றம்.

கருவில் ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்க இந்த ஃபார்ம் எஃப்-ஐக் கேட்கும் 1994-ம் ஆண்டுச் சட்டம் ஏன் வந்தது என்று நம் பக்கத்து ஆட்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். சட்டம் இருக்கட்டும். ஆக்லாந்தில் என் மனைவி ஒரு நம்பரைத்தான் சொன்னாள், எல்லா விவரமும் திரையில் வந்துவிட்டது. என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஆணா பெண்ணா தெரிய வேண்டுமா என்று அவர்களே கேட்டார்கள். இங்கே நான் கதவுக்கு வெளியே. ஸ்கேன் கால் மணி நேரம், காகிதம் அரை நாள்.

குழந்தையின் மூளைக்குப் போகும் குழாயில் ரத்தம் ஓடும் வேகத்தை அளக்கிறார்கள். ரத்தம் நீர்த்துப்போனால் வேகம் கூடும். கூடியிருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் வயிற்றுக்குள்ளேயே ரத்தம் ஏற்றினார்கள்: ஸ்கேனைப் பார்த்தபடி தொப்புள்கொடிக்குள் ஊசி, பிள்ளை அசையாமலிருக்க ஒரு மருந்து, பிறகு ஓ நெகட்டிவ் ரத்தம் கொஞ்சம் கொஞ்சமாக. சொன்ன நேரத்துக்குக் கூப்பிட்டார்கள், சொன்னதைச் செய்தார்கள். கருவிலிருக்கும் பிள்ளைக்கு முதன்முதலில் ரத்தம் ஏற்றியது 1963-ல், வில்லியம் லைலி, எங்கள் ஆக்லாந்தில் என்று கொஞ்சம் பீற்றிக்கொண்டேன். டாக்டரம்மா "தெரியும்" என்று சொல்லிவிட்டு அடுத்த தேதியை எழுதினார். இனி பிரசவம் வரை சில வாரத்துக்கு ஒருமுறை வர வேண்டியிருக்கும்.

முதல் பிள்ளை பாசிட்டிவ். அது பிறந்த 72 மணி நேரத்துக்குள், தாயின் உடம்பு பிள்ளையின் ரத்தத்துக்கு எதிராகத் திரும்பாமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசி ஒன்று தங்கச்சிக்குப் போட்டிருந்தால் இந்த அலைச்சல் அநேகமாக வந்தே இருக்காது. போடவில்லை. அந்த நர்சிங் ஹோமைப் போய்க் கேட்கலாம் என்று பழைய டிஸ்சார்ஜ் சீட்டைத் தேடி எடுத்தால், ரத்த வகை எழுதும் கட்டமே காலி. கவுன்ட்டர் பெண்ணை அங்கேயல்லவா வேலைக்கு வைத்திருக்க வேண்டும்!