சிஸ்கோ 7841 மேசை போன்: கருவியில் குறையில்லை, செட்டிங்கில்தான் சிக்கல்

சிஸ்கோ 7800 வரிசையில் 7811, 7821, 7841, 7861 என்று நான்கு மேசை மாடல்கள். பெரும்பாலான மேசைகளுக்கு 7841 போதும், அதற்குக் கீழே இறங்க வேண்டாம். 7811-இல் ஹெட்செட் மாட்ட இடமே கிடையாது, திரைக்குப் பின்விளக்கும் கிடையாது. 7821, 7861 இரண்டும் 100 மெகாபிட்டோடு நின்றுவிடும். போன் வழியாகக் கம்ப்யூட்டருக்கு நெட்வொர்க் கொடுத்தால் கம்ப்யூட்டரின் வேகமும் அங்கேயே முடங்கிவிடும். 7841-இல் இரண்டு போர்ட்டும் கிகாபிட். நான்கு லைன் பொத்தான்கள், 3.5 அங்குலக் கருப்பு வெள்ளைத் திரை. கலர் இல்லை, புளூடூத் இல்லை, யூஎஸ்பி இல்லை. பேசுவதற்கு இவை எதுவும் வேண்டியதும் இல்லை.

இங்கே பேசுவது சிஸ்கோவின் கால் மேனேஜர் சர்வரோடு, அதாவது ஆபீஸ் போன்களை எல்லாம் இணைத்து இயக்கும் சர்வரோடு, ஓடும் 7841 பற்றி. இதைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. "போன் சரியில்லை" என்று ஆபீஸில் எழும் புகார்களில் பெரும்பாலானவை போனைச் சேர்ந்தவையே அல்ல. சர்வரில் யாரும் தொடாமல் விட்ட டீஃபால்ட் செட்டிங்குகளைச் சேர்ந்தவை. கீழே வரும் நொடிக் கணக்குகள் எல்லாம் அந்த டீஃபால்ட்கள்தான். உங்கள் அட்மின் மாற்றியிருந்தால் கணக்கும் மாறும்.

முதலில் பாராட்ட வேண்டியது ஹோல்டு, டிரான்ஸ்பர், கான்ஃபரன்ஸ் மூன்றுக்கும் தனித்தனிப் பொத்தான் கொடுத்திருப்பதை. திரைக்குக் கீழே உள்ள நான்கு சாஃப்ட்கீக்கள் நேரத்துக்கு நேரம் பெயர் மாறும்: சும்மா இருக்கும்போது ஒன்று, மணி அடிக்கும்போது ஒன்று, பேசும்போது இன்னொன்று. பதற்றத்தில் இருப்பவருக்கு அது குழப்பம். இந்த மூன்று பொத்தான்கள் மட்டும் எப்போதும் அதே இடத்தில், அதே வேலைக்கு. புதிதாகச் சேர்ந்தவருக்கு இவற்றைக் காட்டிவிட்டாலே பாதி நாள் ஓடிவிடும்.

டிரான்ஸ்பரில்தான் அதிகம் சொதப்புகிறார்கள். சரியான முறை இது: பேசிக்கொண்டிருக்கும்போது டிரான்ஸ்பர் பொத்தானை அழுத்த வேண்டும், வெளியாள் தானாக ஹோல்டுக்குப் போய்விடுவார். எக்ஸ்டென்ஷன் எண்ணை அழுத்த வேண்டும். அந்தப் பக்கம் எடுத்ததும் யார் அழைக்கிறார், எதற்காக என்று ஒரு வரி சொல்லிவிட்டு, டிரான்ஸ்பரை இரண்டாவது முறை அழுத்த வேண்டும். சொல்ல நேரமில்லை என்றால் மணி அடிக்கத் தொடங்கியதுமே இரண்டாவது முறை அழுத்திவிடலாம். எப்படிச் செய்தாலும் அந்த இரண்டாவது அழுத்தல் கட்டாயம்.

பழைய அனலாக் எக்ஸ்சேஞ்சில் பழகியவர்கள் எண்ணை அடித்துவிட்டு ரிசீவரை வைத்துவிடுவார்கள். அங்கே அதுவே போதும். இங்கே போதாது. ரிசீவரை வைத்தால் டிரான்ஸ்பர் முடிய வேண்டும் என்ற செட்டிங் கால் மேனேஜரில் ஆரம்பத்தில் அணைந்துதான் இருக்கும். விளைவு: உள்ளே அழைத்த கால் மட்டும் கட்டாகும், வெளியாள் உங்கள் லைனிலேயே ஹோல்டில் மாட்டிக்கொள்வார். லைன் பொத்தான் பச்சையில் சிமிட்டிக்கொண்டிருக்கும், யாரும் அதைப் பார்க்க மாட்டார்கள். "உங்க ஆபீஸ்ல மியூசிக் போட்டுட்டுக் காணாமப் போயிட்டாங்க" என்று வரும் புகாருக்குப் பெரும்பாலும் மூலம் இதுதான். அட்மினிடம் சொல்லி அந்த ஒரு செட்டிங்கை ஆன் செய்யச் சொல்லுங்கள். எல்லோருக்கும் பயிற்சி கொடுப்பதைவிட இது சுலபம்.

இதோடு சேர்த்துக் கேட்க வேண்டிய இன்னொன்று ஹோல்டு ரிவர்ஷன், அதாவது ஹோல்டில் போட்ட காலை மறந்துவிட்டால் போனே மணி அடித்து நினைவூட்டும் வசதி. அதன் டீஃபால்ட் 0 நொடி, அதாவது இல்லை. எத்தனை நேரம் ஆனாலும் போன் மூச்சு விடாது. 45 அல்லது 60 நொடி வைத்துவிட்டால் மறதிக்கு ஒரு காவல்.

விளக்குகளின் நிறத்தை ஒருமுறை மனதில் பதித்துக்கொண்டால் திரையைப் பார்க்க வேண்டிய அவசியமே குறையும். நிலையான பச்சை என்றால் பேச்சு நடக்கிறது. சிமிட்டும் பச்சை, நீங்கள் ஹோல்டில் போட்டது. சிமிட்டும் ஆம்பர், புதிய கால் வருகிறது. நிலையான சிவப்பு, பகிர்ந்துகொண்ட லைனில் வேறு யாரோ பேசிக்கொண்டிருக்கிறார். ரிசீவரில் உள்ள சிவப்பு விளக்கு எரிந்தால் வாய்ஸ்மெயில் வந்திருக்கிறது. மெயிலைக் கேட்டு அழித்த பிறகும் அது அணையவில்லை என்றால் போனை ஆஃப் செய்து ஆன் செய்து பயனில்லை. வாய்ஸ்மெயில் சர்வரும் கால் மேனேஜரும் ஒத்துப்போகவில்லை என்று பொருள். அட்மின் அங்கிருந்து விளக்குகளை மறுபடி ஒத்திசைக்க வேண்டும்.

கால் பார்க் அருமையான வசதி, பயன்படுத்துபவர்கள்தான் குறைவு. பகிர்ந்துகொண்ட லைனாக இல்லாவிட்டால், ஹோல்டில் போட்ட காலை அதே போனில்தான் எடுக்க முடியும். பார்க் செய்த காலை எந்த மேசையிலிருந்தும் எடுக்கலாம். பேசும்போது பார்க் சாஃப்ட்கீயை அழுத்தினால் திரையில் ஓர் எண் வரும். எந்தப் போனிலிருந்து அந்த எண்ணை அடித்தாலும் கால் அங்கே வந்துவிடும். குடோனிலோ மாடியிலோ இருப்பவரைத் தேடிப் பிடித்துக் கொடுக்க இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். அந்த எண் திரையில் நிற்பது வெறும் 10 நொடி, எனவே பேனா கையில் இருக்கட்டும். 60 நொடிக்குள் யாரும் எடுக்காவிட்டால் கால் பார்க் செய்தவரின் போனுக்கே திரும்பி வந்து மணி அடிக்கும். பெரிய கட்டடமாக இருந்தால் 60 நொடி போதாது. 120 ஆக்கச் சொல்லலாம். பார்க் என்ற சாஃப்ட்கீயே கண்ணில் படவில்லை என்றால் உங்கள் போனுக்குக் கொடுத்த டெம்ப்ளேட்டில், அதாவது எந்தெந்த சாஃப்ட்கீ தெரிய வேண்டும் என்று அட்மின் வைத்த பட்டியலில், அது சேர்க்கப்படவில்லை. நீங்கள் எந்த மெனுவுக்குள் போய்த் தேடினாலும் கிடைக்காது.

பக்கத்து மேசையில் மணி அடிக்கிறது, ஆள் இல்லை. எழுந்து போக வேண்டியதில்லை, பிக்கப் சாஃப்ட்கீயை அழுத்தினால் போதும், இருவரும் ஒரே பிக்கப் குழுவில் இருந்தால். அழுத்திய உடனே இணைப்பு கிடைக்காமல் உங்கள் போன் ஒருமுறை மணி அடிக்கும், அதன் பிறகு எடுக்க வேண்டும். இது பழுதல்ல, தானாக இணைக்கும் ஆட்டோ பிக்கப் செட்டிங் அணைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஃபார்வர்டு பற்றி. ஃபார்வர்டு ஆல் சாஃப்ட்கீயை அழுத்தி எண்ணைக் கொடுக்க வேண்டும். வெளி எண் என்றால் மேசை போனிலிருந்து எப்படி அடிப்பீர்களோ அப்படியே, வெளி லைனுக்கான முன் இலக்கத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். செல்போனில் சேமித்து வைத்திருக்கும் வடிவத்தில் கொடுத்தால் போன் ஏற்றுக்கொண்டது போலத் தோன்றலாம், வரும் கால் மட்டும் போய்ச் சேராது. எண் சரியாக இருந்தும் அழைப்பவருக்கு வேகமான பிஸி டோன் கேட்டால், அந்த லைனுக்கு ஃபார்வர்டு செய்யும் அனுமதி தனியாகத் தரப்படவில்லை. நேரடியாக வெளியே பேச அனுமதி இருப்பதும், ஃபார்வர்டு வழியாக வெளியே போக அனுமதி இருப்பதும் இங்கே இரு வேறு செட்டிங்குகள். எண்ணுக்குப் பதிலாக மெசேஜஸ் பொத்தானை அழுத்தினால் எல்லாக் காலும் நேரே வாய்ஸ்மெயிலுக்குப் போய்விடும். ஃபார்வர்டு போட்டதும் இன்னொரு போனிலிருந்து ஒருமுறை அழைத்துப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

"நான் சீட்டுக்கு வர்றதுக்குள்ள வாய்ஸ்மெயிலுக்குப் போயிடுது" என்ற புலம்பலுக்கும் ஒரு நொடிக் கணக்குதான் காரணம். எடுக்காத காலைக் கால் மேனேஜர் 12 நொடியில் வேறு பக்கம் திருப்பிவிடும். 2 நொடி மணி, 4 நொடி அமைதி என்ற தாளத்தில் அது இரண்டே மணி. பிரிண்டரிலிருந்து எழுந்து வருவதற்கு எங்கே நேரம்? 20 நொடிக்கு மேல் வைப்பதுதான் நியாயம். அதை ஒவ்வொரு லைனுக்கும் தனியாகவும் மாற்றலாம், மொத்தமாகவும் மாற்றலாம்.

எண்ணை அடித்து முடித்த பிறகு கொஞ்ச நேரம் மௌனமாக இருந்து, அதன் பிறகே மணி போகிறதா? இன்னும் இலக்கம் வருமோ என்று சர்வர் காத்திருக்கிறது. அந்தக் காத்திருப்பு 15 நொடி. நீளம் நிலையில்லாத எண்களுக்குத்தான், குறிப்பாக வெளிநாட்டு எண்களுக்கு, இது வரும். # ஏற்கும்படி எண் வடிவம் அமைத்திருந்தால் கடைசியில் # அழுத்தினால் உடனே போகும். இல்லையென்றால் 15-ஐ 5 ஆகக் குறைக்கச் சொல்லலாம். அதற்கும் கீழே போனால் நிதானமாக எண் அடிப்பவர்களுக்குப் பாதியிலேயே கால் போய்விடும்.

கான்ஃபரன்ஸ் செய்முறை டிரான்ஸ்பரைப் போலத்தான்: கான்ஃபரன்ஸ், எண், ஆள் வந்ததும் மறுபடி கான்ஃபரன்ஸ். ஆரம்ப வரம்பு உங்களையும் சேர்த்து 4 பேர். கூட்டியவர் ரிசீவரை வைத்துவிட்டால் மற்றவர்கள் தொடர்ந்து பேசலாம், கலையாது. இதை வசதி என்பதா வில்லங்கம் என்பதா என்பது வெளியாட்கள் எத்தனை பேர் உள்ளே இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. கிளை அலுவலகத்தைச் சேர்க்கும்போது மட்டும் கான்ஃபரன்ஸ் மறுக்கிறது என்றால் கோடெக்கை, அதாவது குரலைச் சுருக்கி அனுப்பும் முறையை, பாருங்கள். எல்லோர் குரலையும் ஒன்றாகக் கலக்கும் கான்ஃபரன்ஸ் பிரிட்ஜ் கால் மேனேஜருக்குள்ளேயே இருக்கிறது, ஆனால் அதற்கு ஜி.729 என்ற கோடெக் தெரியாது. ஒரு கோடெக்கை இன்னொன்றாக மாற்றும் டிரான்ஸ்கோடர் வேண்டும், இல்லை ரூட்டரில் வேறு பிரிட்ஜ் வேண்டும்.

டூ நாட் டிஸ்டர்ப் பற்றி ஒரே வார்த்தை: அது காலை நிறுத்தாது, மணியை மட்டும் நிறுத்தும். திரையில் கால் வந்துகொண்டுதான் இருக்கும். நேரே பிஸி ஆக்க வேண்டும் என்றால் கால் ரிஜெக்ட் என்ற வகைக்கு மாற்ற வேண்டும்.

ஒலி நன்றாக இருக்கிறது. உள்ளுக்குள் போனிலிருந்து போனுக்கு ஜி.722 என்ற உயர்தரக் கோடெக்கில் குரல் எதிரே உட்கார்ந்து பேசுவது போல வரும்; வெளி லைனுக்குப் போனால் வழக்கமான டெலிபோன் தரம், அதற்குப் போனைக் குறை சொல்ல முடியாது. வால்யூம் பொத்தான் ஒன்று, வேலை பல: சும்மா இருக்கும்போது அழுத்தினால் மணியின் சத்தம் மாறும், பேசும்போது அழுத்தினால் காதில் கேட்கும் சத்தம் மாறும். "மணியே கேக்கல" என்பவர்கள் பெரும்பாலும் போன் சும்மா கிடக்கும்போது அதைத் தெரியாமல் குறைத்து வைத்தவர்கள்.

வயர் பக்கம் வருவோம். மின்சாரம் நெட்வொர்க் கேபிள் வழியாகவே வருவதால் தனி அடாப்டர் வேண்டாம். கேபிளின் மறுமுனையில் உள்ள நெட்வொர்க் சுவிட்ச் மட்டும் பிஓஇ, அதாவது கேபிள் வழி மின்சாரம், தர வேண்டும். பிஓஇ-யில் இது கிளாஸ் 1 என்ற மின்தேவை வகை, 4 வாட்டுக்கும் குறைவு. சுவரிலிருந்து வரும் கேபிளைக் கம்ப்யூட்டர் படம் போட்ட போர்ட்டில் மாட்டினால் போனுக்கு உயிரே வராது, மின்சாரம் அடுத்த போர்ட்டில்தான் ஏறும். இரண்டு போர்ட்டையும் சுவரில் சொருகினால் அதைவிட மோசம்: நெட்வொர்க் லூப், அதாவது தகவல் முடிவில்லாமல் சுற்றி நெட்வொர்க்கே முடங்கும் நிலை. ரிசீவர் வயருக்கும் ஹெட்செட்டுக்கும் ஒரே அளவு ஜாக் என்பதால் மாற்றி மாட்டுவதும் நடக்கும். டயல் டோன் ரிசீவரில் இல்லாமல் போனால் முதலில் போனைத் திருப்பிப் பாருங்கள். போன் ரீஸ்டார்ட் ஆகும்போது அதன் வழியாக மாட்டிய கம்ப்யூட்டருக்கும் நெட்வொர்க் போய்வரும், எனவே ஃபர்ம்வேர் அப்டேட்டை வேலை நேரத்தில் தள்ள வேண்டாம்.

வரவேற்பு மேசைக்கு மட்டும் இதை வாங்காதீர்கள். நான்கு பொத்தானில் யார் பேசிக்கொண்டிருக்கிறார், யார் சும்மா இருக்கிறார் என்று கண்காணிக்க முடியாது. 7800 வரிசையில் கூடுதல் பொத்தான் பலகை இணைக்கவும் வழியில்லை. 16 பொத்தான் உள்ள 7861, அல்லது பலகை இணைக்க முடிகிற 8851 அங்கே பொருந்தும். சுவரில் மாட்டுவதாக இருந்தால் ரிசீவர் வைக்கும் குழியில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் துண்டை வெளியே இழுத்து, தலைகீழாகத் திருப்பி மறுபடி செருக வேண்டும். அதைச் செய்யாவிட்டால் ரிசீவர் வழுக்கி விழுந்துகொண்டே இருக்கும், லைன் நாளெல்லாம் பிஸியாகவே கிடக்கும்.