குகை பக்கம் ஒரு சலூன்: கட்டிங் சூப்பர், ஷேவிங்குக்கு மட்டும் ஆள் பாத்து உக்காருங்க

சேலம் குகையில ஒரு சந்துக்குள்ள இருக்குற சலூன் இது, பேரு போடல, ஏன்னு படிச்சா உங்களுக்கே தெரியும். மூணு நாற்காலி, ஏசி கெடையாது, மேல ஒரு டிவி, எப்பவும் நியூஸ்தான். கட்டிங் 130, ஷேவிங் 70, டை தனி. பத்து வருசத்துக்கு மேல போறேன், அதனால கொஞ்சம் பாசமாத்தான் எழுதுவேன், கண்டுக்காதீங்க.

கடையில ரெண்டு பேரு. பெரியவருக்கு எழுபத்தஞ்சு தாண்டிருக்கும், எல்லாருக்கும் அவரு மாஸ்டர். இன்னொருத்தரு அவரோட அக்கா பையன், நாப்பது வயசு இருக்கும், நாங்க அண்ணான்னு கூப்புடுவோம். கட்டிங்ல கொறையே சொல்ல முடியாது, மிஷின வெச்சு சர்ருனு ஒரு இழுப்பு இழுத்து அனுப்புற வேலையெல்லாம் இங்க இல்ல, சீப்பும் கத்திரியும்தான், பின்னாடி கண்ணாடி காட்டி சரிங்களான்னு கேட்டு, அப்பறமும் காதோரம் ரெண்டு முடிய எடுத்துட்டுத்தான் துணிய உதறுவாங்க. ஆளுக்கு ஆள் புது பிளேடு. கடைசியில ஈரப் படிகாரம் தேய்ச்சு விடுவாரு பாருங்க, அதுக்கே 70 ரூவா குடுக்கலாம்.

வெயிட்டிங் டைம் ஜாஸ்தி, ஞாயித்துக்கிழமைன்னா ஒன்றரை மணி நேரம் போயிரும். ஆனா போரடிக்காது. அங்க நடக்குற பஞ்சாயத்த கேக்கவே நான் சீக்கிரம் போயி உக்காந்துருக்கேன்.

2024 ஜூன் 28, வெள்ளிக்கிழமை. அன்னைக்குக் காலைல நம்ம டைம் ஆறரை மணிக்கு அட்லாண்டாவுல அமெரிக்க ஜனாதிபதி எலெக்சனுக்காக பைடனுக்கும் ட்ரம்ப்புக்கும் டிபேட். பைடனுக்கு 81 வயசு, மெடிகேர்னு வயசானவங்களுக்கான அரசாங்க மருத்துவ காப்பீடு பத்தி பேசிட்டு வந்தவரு பாதியில வார்த்தை கெடைக்காம தடுமாறுனாரு, அதையே டிவில திருப்பித் திருப்பி போட்டுட்டு இருந்தான். ஸ்டீல் பிளான்ட்ல ரிடையர்டான சார் ஒருத்தரு டெய்லி பேப்பர் படிக்க வருவாரு, அவரு மொத ஆளா ஆரம்பிச்சாரு, ஆள மாத்தணும்ங்க இல்லன்னா கட்சி காலின்னு. பக்கத்துல வெள்ளிப்பட்டறை அண்ணன் ஒத்துக்கவே இல்ல. எப்புடிங்க மாத்துவீங்க, ஸ்டேட் ஸ்டேட்டா பிரைமரின்னு கட்சி வேட்பாளருக்கே தனியா தேர்தல் வெச்சு ஜனங்க ஓட்டுப் போட்டு தேர்ந்தெடுத்த ஆளு, இப்ப நாலு பெரிய மனுசங்க ரூமுக்குள்ள உக்காந்து மாத்துனா ஓட்டுப் போட்டவன் என்ன கேனையான்னு கேட்டாரு. அதுவும் நியாயந்தான். பைடனா விலகிக்கிட்டாத்தான் உண்டு, புடிச்சு எறக்கறதுக்கெல்லாம் அங்க ஈசியா வழி இல்ல.

அப்பறம் பட்டறை அண்ணன் எடுத்தாரு பாருங்க எம்ஜிஆர. 84ல தலைவரு அமெரிக்காவுல புரூக்ளின் ஆஸ்பத்திரில படுத்துருந்தாரு, ஆண்டிப்பட்டிக்கு ஒரு நாள் கூட வரல, ஜெயிக்கலயா, யாராச்சும் ஆள மாத்துனாங்களான்னு. கடையே அமைதியாயிருச்சு. ஸ்டீல் பிளான்ட் சார் பேப்பர மடிச்சு வெச்சுட்டு சொன்னாரு, அவரு பேசலைங்க, அதனால ஜெயிச்சாரு, இவரு ஒன்றரை மணி நேரம் பேசிட்டாரில்ல. நான் நாற்காலில நொரையோட இருந்தேன், சிரிப்ப அடக்கறதே பெரும்பாடாயிருச்சு.

அந்த நேரம் பாத்துத்தான் மாஸ்டர் கை லேசா நடுங்கி காதுக்குக் கீழ ஒரு கீறல். பெருசா ஒண்ணுமில்ல. படிகாரத்த வெச்சு அழுத்திகிட்டே, வயசானா என்னங்க, அனுபவம்னு ஒண்ணு இருக்குதில்லீங்களான்னாரு. பைடனத்தான் சொன்னாரு. கண்ணாடில பாத்தா பெஞ்சுல இருந்த அத்தன பேரும் டிவியப் பாத்துகிட்டு இருக்காங்க, அக்கா பையன் சீப்ப கழுவிகிட்டு இருக்காரு. நானும் ஆமாங் மாஸ்டர்னு சொல்லி 70 ரூவா குடுத்துட்டு வந்துட்டேன்.

அடுத்து போனது ஜூலை 22, திங்கக்கிழமை சாயங்காலம். செவ்வா கடை லீவுங்கறதால செம கூட்டம். முந்தின நாள் ராத்திரி நமக்கு பதினொண்ணே காலுக்கு பைடன் விலகறேன்னு லெட்டர் போட்டுட்டாரு. இப்ப சண்டையே வேற, துணை ஜனாதிபதியா இருந்த கமலா ஹாரிஸ நிறுத்தலாமா இல்ல புதுசா போட்டி வெச்சு ஆள் எடுக்கணுமா. பட்டறை அண்ணன் ஒரே ராத்திரில கட்சி மாறிட்டாரு, அந்தம்மாவோட தாத்தா ஊரு திருவாரூர் ஜில்லா துளசேந்திரபுரம், நம்ம புள்ளைங்கன்னு. சாருக்கு அது புடிக்கல. 1968ல ஜனாதிபதியா இருந்த லிண்டன் ஜான்சன் மார்ச்லயே நிக்கலன்னுட்டாரு, பிரைமரில நிக்காத துணை ஜனாதிபதி ஹம்ஃப்ரிய கட்சி மேல இருந்து கொண்டாந்து வெச்சுது, நிக்சன்கிட்ட தோத்தாரு, அப்பவும் சிகாகோலதான் கட்சி மாநாடு, இப்பவும் அங்கதான், பாருங்கன்னாரு. எனக்கு என்னமோ பணந்தான் முடிவு பண்ணுச்சுன்னு தோணுது. பிரச்சார அக்கவுண்ட்ல ஒன்பது கோடி டாலருக்கு மேல கெடந்துது, அது பைடன் ஹாரிஸ் ரெண்டு பேரு பேர்லயும் இருந்ததால ஹாரிஸ் நின்னா அப்புடியே எடுத்துக்கலாம், வேற ஆளுக்கு மாத்துறது பெரிய தலவலி.

ஆனா அன்னைக்கு நான் கவனிச்சது வேற. மாஸ்டர் நாற்காலி காலியா இருக்கு, அவரு துண்ட உதறிட்டு வாங்கங்கறாரு, ஒருத்தர் போன் வருதுங்கறாரு, ஒருத்தர் டீ சொல்லிருக்கேங்கறாரு, நான் பேப்பர்ல மூஞ்சிய மறச்சுகிட்டேன். எல்லாரும் அக்கா பையனுக்குத்தான் வெயிட்டிங். அமெரிக்காவுல வேட்பாளர மாத்தணும்னு மூணு வாரமா தொண்டை கிழிய பேசுன அதே பெஞ்சு. பைடன்கிட்ட கூட இருந்தவங்க ஏன் முன்னாடியே சொல்லலன்னு நான் கூட ஆவேசமா கேட்டவந்தான், அன்னைக்கு அத கேக்க வாயி வரல.

தீவாளிக்கு முன்னாடி கூட்டத்துல போகல. நவம்பர் 6 மத்தியானம் போனேன், ரிசல்ட் வந்துட்டு இருந்துது, கடைசியில எலெக்டோரல் ஓட்டு (ஸ்டேட் வாரியா கெடைக்கற ஓட்டு) ட்ரம்ப் 312 ஹாரிஸ் 226. சாரு ஜெயிச்ச மாதிரி உக்காந்துருந்தாரு. பட்டறை அண்ணன், கெழவனே நின்னுருந்தா இத விட கேவலமா தோத்துருப்பான், 107 நாள்ல ஒரு பொம்பள என்னதான் பண்ணுவான்னு எகிறுனாரு. என் கணக்குல ரெண்டு பேரும் பாதி பாதி சரி. மாத்துனது தப்பில்ல, மாத்துன நேரந்தான் தப்பு, பிரைமரிக்கு முன்னாடியே வழி விட்டுருந்தா நாலு பேரு மோதி, அதுல ஹாரிஸே ஜெயிச்சு வந்துருந்தா கூட பேச்சு வேற மாதிரி இருந்துருக்கும்.

மாஸ்டர் இதுல அவ்வளவா வாய் குடுக்க மாட்டாரு. அன்னைக்கு துண்ட மடிச்சுகிட்டே, போறதுன்னா பொங்கலுக்கே போயிருக்கணுமுங்கன்னாரு. ஒருத்தரும் மூச்சு விடல. அவரு பாட்டுக்கு காலி நாற்காலிய ரெண்டு தட்டு தட்டி, உக்காருங்கன்னு என்னையப் பாத்தாரு.

உக்காந்துட்டேன். கட்டிங் மட்டும் போதுங் மாஸ்டர்னேன்.

நல்லாத்தான் வெட்டுனாரு, கத்திரில இன்னும் அந்த சுத்தம் அப்புடியே இருக்கு. தலைக்கு எண்ண தேய்ச்சு ஒரு மசாஜ் பண்ணுவாரு, அத கேட்டு வாங்கிக்கோங்க, அக்கா பையனுக்கு அந்தப் பக்குவம் வராது. ஷேவிங்குன்னா மட்டும் அண்ணா ஃப்ரீ ஆகுற வரைக்கும் பேப்பர் படிங்க. ஜிபே இருக்கு, ஸ்கேனர் பவுடர் டப்பாவுக்குப் பின்னாடி. கார்ல போயிடாதீங்க, சந்துக்குள்ள திருப்ப முடியாது. நாலு ஸ்டார்.