காது கேட்கும் கருவி: சென்னை வியர்வைக்கு எது தாங்கும்?

அப்பாவுக்குக் காது மெஷின் வாங்குவது என்று முடிவானதும் எங்கள் முன் நின்றவை இரண்டு. ஒன்று, பி.டி.இ. எனப்படும் பழைய பாணி. கருவி முழுவதும் காதுக்குப் பின்னால் இருக்கும். காதின் அளவெடுத்துச் செய்த அச்சுக்குள் ஒலி குழாய் வழியாக வரும். மற்றொன்று ஆர்.ஐ.சி. கருவி சிறியது, மெல்லிய கம்பியின் நுனியில் உள்ள, ஒலி எழுப்பும் ரிசீவர் காதுத் துளைக்குள்ளேயே உட்காரும். நாங்கள் முதலாவதை வாங்கினோம்.

பார்வைக்கு ஆர்.ஐ.சி. அழகு, அதில் வாதமில்லை. இரைச்சலைக் குறைப்பது, செல்போனோடு இணைவது எல்லாம் பெரும்பாலும் கொடுக்கும் விலையைப் பொறுத்தவை.

என் கணக்கில் முடிவு செய்தது பராமரிப்பு. ஆர்.ஐ.சி.யில் ஒலி எழுப்பும் நுட்பமான பாகமே குறும்பியும் வியர்வையும் சேரும் இடத்தில் போய் இருக்கிறது. அதன் வாயில் கடுகளவு வடிகட்டி ஒன்று உண்டு. அடைத்துக்கொண்டால் சிறு குச்சியால் எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்த வேண்டும். சர்க்கரை நோயால் விரல் நுனி மரத்துப்போன அப்பாவுக்கு அது நடக்காத காரியம். ரிசீவரே போய்விட்டால் மாற்றலாம், ஆனால் செலவு ஆயிரங்களில்.

பி.டி.இ.யில் காதுக்குள் போவது வெறும் அச்சு. கருவியிலிருந்து கழற்றி, மிதமான சோப்பு நீரில் கழுவி, ரப்பர் பந்தால் குழாயில் காற்றடித்துக் காயவைத்து மாட்டிவிடலாம். சில மாதங்களில் குழாய் மஞ்சளித்து விறைக்கும். உட்கார்ந்த இடத்திலேயே மாற்றித் தருவார்கள். ஏ.சி. அறையில் காதின் சூடான ஈரக்காற்று குளிர்ந்த குழாயில் துளியாகப் படிவது உண்டு. ஆனால் அந்தத் துளி கண்ணுக்குத் தெரியும். ஆர்.ஐ.சி.யில் ஈரமோ குறும்பியோ சேர்ந்தால் ஒலி மட்டும் மெல்ல மங்கும். வீட்டில் உள்ளவர்கள் அதைக் கருவியின் கோளாறு என்று நினைப்பதில்லை. ‘அவருக்குக் காது இன்னும் மந்தமாகிவிட்டது’ என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கருவி மேசை இழுப்பறைக்குப் போவது பெரும்பாலும் இப்படித்தான்.

தூசியும் தண்ணீரும் புகாது என்பதற்கான ஐ.பி. 68 குறியீடு அட்டையில் போட்டிருப்பதைக் கடையில் காட்டுவார்கள். அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் நடப்பது. மே மாத வியர்வையில் உப்பு இருக்கிறது. எதை வாங்கினாலும் இரவில் கருவியை ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் டப்பாவில் வைப்பது கட்டாயம்.

பேட்டரி தனிக்கதை. இரண்டு வகையிலும் சார்ஜ் செய்வது கிடைக்கிறது. நாங்கள் ஆரஞ்சு ஸ்டிக்கர் ஒட்டிய 13-ஆம் எண் பேட்டரி போடும் கருவியை எடுத்தோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நகரின் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லாததை மறக்க முடியுமா? ஆனால் பொத்தான் பேட்டரியைக் குழந்தை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. பேரப்பிள்ளைகள் உள்ள வீட்டில் சார்ஜ் வகையே மேல்.

அரசு உதவியில் கிடைப்பது பெரும்பாலும் பி.டி.இ. தான் என்பதால் அதை மட்டமாகப் பேசுகிறவர்கள் உண்டு. வளரும் நாடுகளுக்கு ஏற்றதென்று உலக சுகாதார அமைப்பு 2017-இல் பரிந்துரைத்ததும் காதுக்குப் பின்னால் அணியும் டிஜிட்டல் கருவியையே. வருமானம் குறைந்தவர்கள் மாற்றுத்திறனாளிகளுக்கு உதவிக் கருவிகள் தரும் மத்திய அரசின் ‘அடிப்’ (ADIP) திட்டம் பற்றி, சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் உள்ள பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்தில் விசாரிக்கலாம்.

ஆர்.ஐ.சி.யை அப்பா சோதனைக்காக மட்டுமே அணிந்தார். விரல் நன்றாக இயங்கும் ஒருவரிடம் அது பல ஆண்டு உழைக்கவும் கூடும். அப்பாவுக்கு எல்லா அலைவரிசையிலும் இழப்பு இருப்பதால் அச்சு பொருந்தியது. கனத்த ஒலிகள் அடங்கிய கீழ் அலைவரிசை நன்றாகக் கேட்டு, ‘ஸ’, ‘ச’ போன்ற மேல் அலைவரிசை ஒலிகள் மட்டும் நழுவுகிறவர்களுக்கு, காதை அடைக்கும் அச்சில் சொந்தக் குரலே குடத்துக்குள் பேசுவதுபோல் முழங்கும். அவர்கள் செவித்திறன் சோதனையின் வரைபடமான ஆடியோகிராமைக் காட்டி, காதை அடைக்காத திறந்த முனையுள்ள ஆர்.ஐ.சி.யைக் கேட்பதே சரி.