பழைய பிக்அப்பில் ஆடும் ஹிட்ச்: பம்பரா, வெல்டிங்கா, யார்டு சரக்கா, புதிதா?

மிச்சிகனில் ஏப்ரல் பிறந்த பிறகுதான் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்க மனசு வரும். குளிர்காலம் முழுக்கச் சாலையில் கொட்டிய உப்பு இரும்பை என்ன பாடு படுத்தியிருக்கிறது என்பது அப்போதுதான் கண்ணில் படும். என்னிடம் இருப்பது 1995ஆம் ஆண்டு ஃபோர்டு எஃப்-150. ஆறு சிலிண்டர், 4.9 லிட்டர் எஞ்சின். இன்றைக்கும் சாவியைத் திருப்பியதும் கிளம்பிவிடும். பின்னால் ஹிட்ச் என்கிற இழுவைச் சட்டத்தில் ஒற்றை அச்சு டிரெய்லர் ஒன்றை மாட்டி, தோட்டத்துக்கு மண்ணும் எருவும், அடுப்புக்கு விறகும் கொண்டுவருவேன். இந்த வசந்தத்தில் முதல் நடை எரு ஏற்றி வரும்போதே பின்பக்கம் சத்தம். பிரேக்கைத் தொட்டால் ஒரு 'டக்', காலை எடுத்தால் இன்னொரு 'டக்'.

இந்தச் சத்தம் மூன்று இடங்களிலிருந்து வரலாம். ரிசீவர் என்கிற சதுரக் குழாய்க்குள் செருகும் கம்பி கொஞ்சம் ஆடும், அது இயல்பு. டிரெய்லர் மூக்கிலுள்ள கப்ளர் என்கிற கிண்ணம், செருகு கம்பியின் நுனியிலுள்ள இரும்புப் பந்தின் மேல் தளர்வாக உட்கார்ந்திருக்கலாம். 2 அங்குலக் கப்ளரை 1⅞ அங்குலப் பந்தில் மாட்டியிருந்தால் அப்படியே கழன்று வந்துவிடும், உடனே பந்தை மாற்ற வேண்டும். மூன்றாவதுதான் பெரிய கவலை: வண்டியின் அடிச்சட்டமான சேசிஸில் ஹிட்ச் மொத்தமாகவே ஆடுவது. கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. வண்டியை அணைத்து, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிட்டு, ஹிட்ச் தகடும் சேசிஸும் சேரும் கோட்டின் மேல் விரலை வையுங்கள். பாதி விரல் இதிலும் பாதி அதிலுமாக இருக்கட்டும். இன்னொருவர் டிரெய்லரின் மூக்கைப் பிடித்து ஆட்டட்டும். விரலுக்கு அடியில் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் தெரியும். என் வண்டியில் வலது பக்கம் நகர்ந்தது.

நகர்வதற்குக் காரணம் என்னவென்று புரிந்துகொண்டால், எந்த வழி சரி என்பதில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஹிட்சைத் தாங்குவது போல்ட்டின் உடம்பு என்று நினைக்கிறோம். உண்மையில், நட்டை இறுக முறுக்கும்போது இரண்டு தகடுகளும் ஒன்றோடொன்று அழுந்துகின்றனவே, அந்த அழுத்தத்தில் வரும் பிடிதான் இழுவையைத் தாங்குகிறது. தகடுகளுக்கு நடுவே துரு பொரிந்து உதிர்ந்தால் அழுத்தம் போய்விடும். அப்புறம் ஒவ்வொரு பிரேக்குக்கும் போல்ட் துளைக்குள் முன்னும் பின்னும் இடிக்கும். வட்டமாக இருந்த துளை முட்டை வடிவத்துக்கு மாறும். அதற்குப் பிறகு வெறுமனே முறுக்கிவிட்டால் கொஞ்ச நாளில் பழையபடி ஆடும்.

ஆகவே கடைக்குப் போவதற்கு முன் சுத்தியலை எடுங்கள். போல்ட் துளைகளைச் சுற்றி ஒரு சாண் தூரத்துக்குக் கம்பித் தூரிகையால் துருவைச் சுரண்டிவிட்டு, தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். உள்ளே அரித்துப் போனது மொத்தையான சத்தம் தரும். சந்தேகமான இடத்தில் பழைய ஸ்க்ரூடிரைவரின் முனையால் அழுத்திக் குத்திப் பார்க்க வேண்டும். இந்தக் காலத்து எஃப்-150இன் பின்பக்கச் சேசிஸ் மூடிய பெட்டி அல்ல, ஒரு பக்கம் திறந்த சி வடிவம். அது நமக்குப் பெரிய உதவி. உள்பக்கத்தையும் கண்ணால் பார்க்க முடிகிறது, நட்டுக்கும் கை எட்டுகிறது. என் வண்டியில் சேசிஸ் நன்றாகவே ஒலித்தது. ஹிட்சின் வலது பக்கத் தகடுதான் செதில் செதிலாக உரிந்து வந்தது.

சரி, இனி வழிகள்.

பலரும் முதலில் சொல்வது, "ஹிட்சையே கழற்றிப் போடு, பம்பரில் துளை இருக்கிறதே, அதில் பந்தை மாட்டு" என்பது. பந்தின் விலையோடு வேலை முடியும். தண்டின் தடிமனும் பம்பர் துளையும் பொருந்த வேண்டும், அவ்வளவுதான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். என் பம்பர் முன்பு வண்டியை வைத்திருந்தவர் மாற்றிப் போட்டது. அதில் 3,500 பவுண்டு இழுவை, 350 பவுண்டு செங்குத்துப் பாரம் என்று பதித்திருக்கிறது. டிரெய்லர் சுமையோடு சேர்த்து 2,990 பவுண்டுக்கு உரியது, அதாவது சுமார் 1,350 கிலோ. 3,500க்குள்தானே இருக்கிறது என்று தோன்றும். மாட்டுவண்டி ஓட்டியவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் என்றால் விளக்க வேண்டியதில்லை. டிரெய்லரிலும் அதே சங்கதிதான். மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை முன்பாரமாக ஹிட்ச் மேல் உட்கார வேண்டும். குறைந்தால் நெடுஞ்சாலை வேகத்தில் டிரெய்லர் வாலாட்ட ஆரம்பிக்கும். கூடினால் பிக்அப்பின் பின்பக்கம் அமுங்கி முன்சக்கரத்தின் பிடி குறையும். 2,990இல் 15 சதவீதம் என்றால் ஏறத்தாழ 450 பவுண்டு. பம்பர் தாங்குவது 350. ஈர மண் ஒரு கன கெஜமே ஒரு டன்னுக்கு மேல் வரும். அதைக் கொஞ்சம் முன்னால் தள்ளிக் கொட்டிவிட்டார்கள் என்றால் பம்பர் தன் எல்லையைத் தாண்டிவிடும். அந்த எல்லையும் புது இரும்புக்குச் சொன்னது. பம்பரைச் சேசிஸோடு பிணைக்கும் தாங்கிகளும் அதே உப்பில் நனைந்தவைதான். பந்தின் உயரத்தை மாற்றவும் வழியில்லை. உயரமான வண்டியில் டிரெய்லர் மூக்கைத் தூக்கிக்கொண்டு போகும். புல்வெட்டும் இயந்திரம் ஒன்றை ஏற்றிக்கொண்டு ஊருக்குள் போய்வர மட்டும் என்றால் பம்பர் போதும். எனக்குப் போதாது.

அடுத்தது வெல்டிங். என்னை அதிகம் சபலப்படுத்திய வழி இதுதான். நண்பர் ஒருவரிடம் இயந்திரம் இருக்கிறது, அரைமணி நேரத்தில் ஹிட்சைச் சேசிஸோடு ஒட்டிவிடலாம் என்றார். ஆடும் பொருளை ஆடாமல் செய்ய அதைவிட வேகமான வழி கிடையாது. ஆனாலும் நான் வேண்டாம் என்றேன். துருவேறி மெலிந்த தகட்டில் பற்றவைத்தால், பற்றுக்கு அருகிலேயே சூட்டில் குணம் மாறிய ஒரு கோடு உருவாகும். இழுவையில் ஆயிரக்கணக்கான தடவை அதிரும்போது விரிசல் அந்தக் கோட்டில்தான் தொடங்கும். போல்ட் தளர்ந்தால் முதலில் சத்தம் வரும், கையால் ஆட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். பற்று விரிசல் விடும்போது பெயின்ட்டுக்கு அடியில் ஓசையில்லாமல் வளரும். ஹிட்ச் செய்பவர்களே தங்கள் பொருளில் வெல்டிங் செய்யவோ துளையை மாற்றவோ கூடாது என்று சொல்கிறார்கள். இன்னொரு ஆபத்தும் உண்டு. இந்த வண்டியில் இரண்டு பெட்ரோல் டாங்க் உள்ளவற்றில், ஒன்று பின் அச்சுக்குப் பின்னால், ஹிட்சுக்கு வெகு அருகில் இருக்கிறது. டாங்கை இறக்காமல் அங்கே நெருப்பைக் கொண்டுபோகவே கூடாது. துருப்பிடித்த போல்ட்டைக் கேஸ் கட்டரால் வெட்டுவதற்கும் இது பொருந்தும்.

சேசிஸிலேயே துளை கெட்டுப்போயிருந்தால் வெல்டிங் தேவைப்படலாம். அது வேறு வேலை. சேசிஸ் வேலை தெரிந்த பட்டறையில், கெட்ட பகுதியை வெட்டி எடுத்து, சரியான தடிமனில் தகடு வைத்து, அதன் பிறகு ஹிட்சைப் போல்ட்டில் மாட்டுவார்கள்.

பழைய ஹிட்சையே புது போல்ட், தடித்த தகடு வாஷர் போட்டு மறுபடி மாட்டலாமா என்றும் பார்த்தேன். ஹிட்ச் தகடு நன்றாக இருந்து, துளையும் அதிகம் நீளாமல் இருந்தால் இதுவே மலிவான, நியாயமான தீர்வு. என் ஹிட்சின் தகடே உரிந்துவிட்டதால் இது கைகொடுக்கவில்லை.

மிச்சம் இரண்டு. பழைய வண்டிகளைக் கழற்றி விற்கும் யார்டில் ஒன்றைத் தேடுவது, அல்லது புதிதாக வாங்குவது.

யார்டு சரக்கின் மீது எனக்கு மரியாதை உண்டு. 1980 முதல் 1996 வரை வந்த எஃப்-150கள் எல்லாம் ஒரே வம்சம் என்பதால், தேடினால் கிடைக்கும். விலையும் புதியதில் கால் பங்கு, மூன்றில் ஒரு பங்குதான். துளைகளின் இடைவெளியை மட்டும் நம் வண்டியில் அளந்து எழுதிக்கொண்டு போக வேண்டும். நான் போய்ப் பார்த்த யார்டில் மூன்று ஹிட்ச் இருந்தன. ஒன்றில் எடை எழுதிய வில்லை உரிந்துபோயிருந்தது. எவ்வளவு தாங்கும் என்று தெரியாத ஹிட்சை வாங்கக் கூடாது. இரண்டாவதில் ரிசீவரின் வாய் விரிந்து, செருகு கம்பியைப் பூட்டும் ஊசி நுழைகிற ⅝ அங்குலத் துளை நீண்டிருந்தது. அதிக பாரம் இழுத்த அடையாளம் அது. மூன்றாவது பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் குறுக்குக் குழாயும் பக்கத் தகடும் சேரும் மூலையில் பெயின்ட்டைச் சுரண்டியதும் நகக்கீறல் போல ஒரு கோடு தெரிந்தது. யார்டுக்குப் போகும்போது கம்பித் தூரிகை, டார்ச், 2 அங்குலச் செருகு கம்பி மூன்றையும் எடுத்துப் போங்கள். உப்பு போடாத தென் மாநிலத்துச் சரக்கு அருமையாக இருக்கும். ஆனால் கனமான இரும்பு என்பதால் அனுப்பும் செலவிலேயே லாபம் கரைந்துவிடும்.

கடைசியில் புதியதையே வாங்கினேன். இழுவைத் திறனில் மூன்றாம் வகுப்பு, 2 அங்குல ரிசீவர், 200 டாலருக்குச் சற்று மேல். வண்டியின் ஆண்டையும் மாடலையும் சொன்னால் துளைக்குத் துளை பொருந்தும்படி வருகிறது; போல்ட், வாஷர், முறுக்கு அளவு எழுதிய தாள் எல்லாம் கூடவே வருகின்றன. நான் காசு கொடுத்தது முக்கியமாக அந்தத் தாளுக்குத்தான். எந்தப் போல்ட்டை எவ்வளவு முறுக்க வேண்டும் என்பது தெரிந்தால்தான் முன்னே சொன்ன அழுத்தப் பிடி கிடைக்கும். அதற்கு, முறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் கட்டாயம் வேண்டும். பல உதிரிபாகக் கடைகளில் முன்பணம் வாங்கிக்கொண்டு இரவல் தருகிறார்கள். பெட்டியில் வரும் போல்ட்டுக்குப் பதிலாகக் கையில் கிடைத்ததைப் போடாதீர்கள். போல்ட் தலையில் மூன்று கோடு இருந்தால் ஐந்தாம் தரம், ஆறு கோடு இருந்தால் எட்டாம் தரம். கோடே இல்லாதது இந்த வேலைக்கு ஆகாது.

ஹிட்ச் வில்லையில் பெரிய எண் இருக்கிறது என்பதற்காக அவ்வளவும் இழுக்கலாம் என்றில்லை. பந்து, செருகு கம்பி, ரிசீவர், வண்டி, டிரெய்லர் ஐந்தில் எதன் எண் சிறியதோ அதுதான் எல்லை. எனக்கு அது டிரெய்லரின் 2,990.

மாட்டுவதைவிடக் கழற்றுவதுதான் வேலை வாங்கியது. இரண்டு நாள் முன்பிருந்தே காலையும் மாலையும் துருவில் ஊறும் எண்ணெய் அடித்தேன். ஸ்டெப்னியை இறக்கினால்தான் கை போகிறது. ஆறு நட்டில் நான்கு வந்தன. இரண்டை இரும்பு அறுக்கும் கைக் கிரைண்டரால் அறுக்க வேண்டியிருந்தது. பின்பக்க டாங்க் இருப்பதால், ஈரத் துணியால் மறைத்து, தீயணைப்பான் பக்கத்தில் வைத்து, பொறி எதிர்ப்பக்கம் போகும்படி திரும்பிப் படுத்து அறுத்தேன். பெட்ரோல் வாசனை லேசாக வந்தாலும் கிரைண்டரை எடுக்காதீர்கள். ரம்பத்தால் மெதுவாக அறுக்கலாம். புது ஹிட்சை ஜாக்கின் மேல் வைத்து உயர்த்தினால் தனி ஆளாகவே மாட்டிவிடலாம். சேசிஸில் தகடு உட்காரும் இடத்தைச் சுரண்டி, துருத் தடுப்பு பெயின்ட் அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டினேன். மாட்டிய வேலை ஒன்றரை மணி நேரம். முதல் சில நடைகளுக்குப் பிறகு எல்லாப் போல்ட்டையும் மறுபடி சோதித்தபோது ஒன்று கால் சுற்று ஏறியது.

வயரிங்கையும் அப்போதே பார்த்துவிடுங்கள். நான்கு முனைத் தட்டைப் பிளக்கில் வெள்ளை வயர்தான் எர்த். அது சேசிஸில் சேரும் திருகு துருப்பிடித்தால் ஒரு பக்கம் இண்டிகேட்டர் போட்டால் எல்லா விளக்கும் மங்கலாகச் சிமிட்டும். விளக்கை மாற்றிக்கொண்டிருக்காமல் அந்தத் திருகைக் கழற்றிப் பளபளவென்று தேய்த்து மாட்டினால் சரியாகும்.

சுத்தியல் தட்டும்போது சேசிஸே மொத்தையாக ஒலித்தால், மேலே சொன்ன எந்த வழியும் உங்களுக்கு இல்லை. புது ஹிட்ச் வாங்கிப் பணத்தை வீணாக்காதீர்கள். முதலில் சேசிஸ் பட்டறையில் காட்டி, தேறுமா என்று கேளுங்கள். அதுவரைக்கும் எருவையும் மண்ணையும் கடைக்காரரே லாரியில் கொண்டுவந்து வாசலில் கொட்டட்டும்.