காரைக்குடியில வாங்குன பழைய ஹார்ட் டிஸ்க்: கடைக்கு 3 ஸ்டார்

பேக்கப்புக்குன்னு 1 டிபி டிஸ்க் ஒண்ணு காரைக்குடியில ஒரு செகண்ட் ஹேண்ட் கம்ப்யூட்டர் கடையில வாங்குனேன், பேரு வேணாம். விலை நியாயம். டிஸ்க் தன் உடல்நிலையச் சொல்ற ஸ்மார்ட் ரிப்போர்ட்ல ரீஅலோகேட்டட் செக்டர் (கெட்டுப்போய் மாத்துன எடம்) பூஜ்யம், சத்தமும் இல்ல. ஆனா "கமாண்ட் போட்டு சுத்தமா அழிச்சாச்சு தம்பி"ன்னு கடைக்கார அண்ணன் அடிச்சு சொன்னாரு பாருங்க, அதுதான் பொய்யாப் போச்சு.

லினக்ஸ்ல பார்ட்டிஷன் (டிஸ்க்கப் பிரிச்ச பகுதி) காட்டுற எஃப்டிஸ்க்ல பாத்தா காலியாத்தான் தெரியுது. அதே மாதிரி இன்னொரு டூல் ஜிடிஸ்க்ல திறந்தா, ஜிபிடியோட (எந்தப் பார்ட்டிஷன் எங்க இருக்குன்னு சொல்ற டேபிள்) மெயின் ஹெடர் செல்லாது, பேக்கப் நல்லா இருக்குன்னு சொல்லி, பழைய ஜிபிடியையே வச்சுக்கவா இல்ல புதுசா போடவான்னு கேக்குது! பழசுன்னு குடுத்து எழுதிட்டு, ரீட் ஒன்லியா (படிக்க மட்டும்) மவுண்ட் பண்ணித் திறந்தா யாரோ ஸ்டுடியோக்காரரோட கல்யாண ஃபோட்டோ ஃபோல்டரு வரிசையா நிக்குது, தாலி கட்டுறது, பந்தி, எல்லாம் தனித்தனியா. உள்ள போகாம மூடிட்டேன்.

கடையில டிஸ்க்ல நேரடியா எழுதுற டிடி கமாண்ட் வச்சு முதல் 1 எம்பிக்கு மட்டும் ஜீரோ அடிச்சிருப்பாங்க போல. ஜிபிடி டேபிள் முன்னாடி 34 செக்டர்ல (செக்டர்னா டிஸ்க்கோட சின்னத் துண்டு) இருக்கும், அதோட காப்பி கடைசி 33 செக்டர்ல இருக்கும். நம்மூரு வீட்டுல முகப்பப் பூட்டிட்டு அடுத்த தெருவுல பின்கட்டுக் கதவ திறந்து போட்ட கதைதான்.

ஜிடிஸ்க்கோட கமாண்ட் வடிவமான எஸ்ஜிடிஸ்க்ல ஜாப்-ஆல் போட்டா டேபிள் ரெண்டு பக்கமும் போயிரும், முதல் செக்டர்ல இருக்குற எம்பிஆரும் சேத்து. ஆனா அதுக்கு முன்னாடி ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் ஃபைல் சிஸ்டத்தோட சிக்னேச்சர (அடையாளக் குறி) அழிக்கிற வைப்எஃப்எஸ் ஓட்டணும், இல்லன்னா அதே எடத்துல புதுசா பார்ட்டிஷன் போட்டா பழைய என்டிஎஃப்எஸ் (விண்டோஸ் ஃபைல் சிஸ்டம்) உயிரோட எந்திரிச்சு வரும். பல டிஸ்க்க ஒண்ணாச் சேத்த ரெய்டுல இருந்த பழைய டிஸ்க்குன்னா இன்னும் தலவலி, சில வெர்ஷன்ல அதோட சூப்பர்பிளாக் (ரெய்டு விவரம் இருக்குற எடம்) டிஸ்க்கோட கடைசியில கெடக்கும். டிவைஸ் பிஸின்னு வந்தா அன்மவுண்ட் பண்ணிட்டு, டேபிள மறுபடி படிக்க வைக்கிற பார்ட்ப்ரோப் போடுங்க.

இவ்ளோ பண்ணாலும் டேபிளும் சிக்னேச்சரும்தான் போகும், ஃபோட்டோ உள்ளதான் இருக்கும், டெஸ்ட்டிஸ்க்னு டேட்டாவ மீட்குற டூல் வச்சிருக்கவன் எடுத்துருவான். மொத்த டிஸ்க்குக்கும் ஜீரோ அடிக்கணும், செகண்டுக்கு 100 எம்பி வேகத்துல 1 டிபிக்கு ரெண்டே முக்கால் மணி நேரம் ஆகும், அதுக்கு சோம்பல் பட்டுதான் கடைக்காரங்க இப்படி பண்றாங்க.

திரும்பப் போய் கேட்டேன். "அண்ணே, முழுசா அழிச்சுக் குடுங்கண்ணே, அடுத்தவங்க வீட்டு ஃபோட்டோல்லாம் வருது"ன்னேன். "ராத்திரி போட்டு விட்டுர்றேன், காலையில வாங்க"ன்னாரு, காசு வாங்கல. டிஸ்க்குக்கு 4, அழிக்கிற வேலைக்கு 1, அந்தப் பேச்சுக்காக கடைக்கு 3. பழைய டிஸ்க் விக்கக் குடுக்குறவங்க மட்டும் இவங்கள நம்பாம வீட்டுலயே அழிச்சுட்டு குடுங்க.