கிண்டில் பேப்பர்வைட்: மலையகத்து அறிவியல் புனைகதை வாசகர்களுக்கு ஒத்துவருமா?

நுவரெலியா, அட்டன், பண்டாரவளைப் பக்கம் புத்தகம் சேர்ப்பவர்களுக்குப் பூஞ்சணத்தோடு ஓயாத சண்டை. மழைக்காலம் முழுக்க அலமாரியைத் திறக்காமல் விட்டால் அட்டை வெளுத்துத் தாள் மணக்கத் தொடங்கிவிடும். அறிவியல் புனைகதையும் மாயப் புனைவும் வாசிப்பவர்களுக்கு இதோடு இன்னொரு வில்லங்கமும் உண்டு: நீளமான தொடர் நாவலின் முதல் பாகம் கண்டியில் கிடைக்கும், மூன்றாம் பாகம் கொழும்பில் தேடினாலும் அகப்படாது. இந்த இரண்டுக்கும் அமேசனின் மின்னூல் வாசிப்புக் கருவியான பேப்பர்வைட் நல்ல பதில்தான். ஆங்கில நாவலுக்கு அருமை, தமிழ் நாவலுக்குக் கொஞ்சம் கைவேலை செய்தால் நன்று, ஸ்கேன் செய்த பிடிஎஃப்புக்கு ஆகாது. ஒரு வட்டமாகச் சேர்ந்து வாசிப்பவர்கள் மட்டும் வாங்குமுன் இரண்டு தடவை யோசிக்க வேண்டும்.

கைமாறிக் கிடைப்பது பெரும்பாலும் 2021ஆம் ஆண்டு மாதிரி. 6.8 அங்குலத் திரை, அங்குலத்துக்கு 300 புள்ளி, 17 எல்ஈடி, மஞ்சள் ஒளியைக் கூட்டிக் குறைக்கும் வசதி, யுஎஸ்பி-சி, 205 கிராம் எடை. 2024 மாதிரியின் திரை 7 அங்குலம், பக்கம் புரளும் வேகமும் சற்று அதிகம். பழையது நல்ல நிலையில் இருந்தால் புதியதற்காகக் கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை. பேப்பர்வைட் என்ற பெயரில்லாத 6 அங்குல சாதாரணக் கிண்டில் மலிவு. ஆனால் அதற்கு நீர்க்காப்பும் இல்லை, மஞ்சள் ஒளியும் இல்லை. எங்கள் பக்கத்து மழைக்கு நீர்க்காப்பு வேண்டும்.

நீர்க்காப்பு ஐபிஎக்ஸ்8 தரம், அதாவது 2 மீற்றர் ஆழ நல்ல தண்ணீரில் ஒரு மணித்தியாலம் தாங்கும். ஆனாலும் மழைத்துளி திரையில் விழுந்தால் அதை விரல் என்று நினைத்துப் பக்கம் தானாகப் புரளும். நனைந்த கருவியை உடனே சார்ஜில் போடாதீர்கள். துளை காயும்வரை பொறுக்க வேண்டும். கம்பளிக் கையுறையோடு தொட்டால் திரை அசையாது, பக்கம் புரட்டப் பொத்தானும் கிடையாது. தை மாத விடியலில் நுவரெலியாவில் வாசிப்பவர் ஒரு விரலையாவது வெளியே விட்டுத்தான் ஆக வேண்டும். 0 முதல் 35 பாகை வரை இயங்கும் என்பது கணக்கு. கடுங்குளிரில் மின்மைத் (ஈ-இங்க்) திரை சோம்பிப்போகும், முந்திய பக்கத்தின் எழுத்து மங்கலாகத் தங்கி நிற்கும். அதைப் பழுது என்று எண்ணிக் கடைக்குத் தூக்கிப் போக வேண்டாம். வாசிப்பு அமைப்பில் ‘பேஜ் ரிஃப்ரெஷ்’ என்பதை இயக்கினால் ஒவ்வொரு பக்கமும் துடைத்து எழுதப்படும்.

மின்கலம் வாரக்கணக்கில் நிற்பதால் கரண்ட் போவது ஒரு பிரச்சினையே அல்ல. இடியும் மின்னலுமான சித்திரை, ஐப்பசிப் பின்னேரங்களில் மட்டும் சார்ஜரைச் சுவரிலிருந்து கழற்றி வையுங்கள். 9 வாட் சார்ஜரில் இரண்டரை மணித்தியாலத்தில் நிரம்பிவிடும்.

ஆங்கில நாவலுக்கு இதன் அருமை எங்கே தெரியும் என்றால், ஆர்தர் சி. கிளார்க் 1979இல் வெளியிட்ட ‘த ஃபவுண்டன்ஸ் ஒஃப் பாரடைஸ்’ போன்ற ஒன்றை எடுத்துப் பாருங்கள். விண்வெளிக்கு ஏறும் மின்தூக்கிக்கு அதில் வரும் மலை, நம்முடைய சிவனொளிபாதமலையை வைத்து எழுதப்பட்டது. மின்தூக்கியின் அடி நிலநடுக்கோட்டில் இருக்க வேண்டும் என்பதற்காகத் தீவையே ஏறக்குறைய 800 கிலோமீற்றர் தெற்கே தள்ளிவிட்டார் மனிதர்! மஸ்கெலியாக்காரர்கள் மன்னிப்பார்கள். கதை 22ஆம் நூற்றாண்டுக்கும் பழைய மன்னன் ஒருவனின் காலத்துக்கும் மாறி மாறிப் போகும். அச்சுப் புத்தகத்தில் விரலைச் சொருகி வைத்துக்கொண்டு முன்னே பின்னே போகலாம். இதில் அந்த வேலையை ‘பேஜ் ஃபிலிப்’ செய்கிறது, வாசித்த இடம் தொலையாது. தெரியாத சொல்லை அழுத்திப் பிடித்தால் அகராதி விரியும். ‘வேர்ட் வைஸ்’ கடினமான சொற்களுக்கு மேலே எளிய ஆங்கிலப் பொருளைச் சிறிதாக எழுதிக் காட்டும். ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகப் படித்தவர்களுக்கு இது பெரிய உதவி. ஆசிரியரே உண்டாக்கிய சொற்களுக்கும் கற்பனை ஊர்ப் பெயர்களுக்கும் இரண்டுமே கைவிரிக்கும். மாயப் புனைவு நாவல்களின் வரைபடங்களும் சுமார்தான். இரண்டு பக்கம் விரிந்த படம் நடுவில் வெட்டுப்படும், நிறம் சாம்பலாகும். வரைபடத்தைப் போனில் திறந்து பக்கத்தில் வைத்துக்கொள்வது மேல்.

தமிழுக்கு வருவோம். ஒருங்குறியில் (யூனிகோட்) உள்ள ஈபப் என்ற மின்னூல் கோப்பு என்றால் அமேசனின் ‘சென்ட் டு கிண்டில்’ சேவை வழியாக அனுப்பலாம். இல்லாவிட்டால் கேலிபர் மென்பொருளில் கிண்டிலின் கோப்பு வகையான ஏஇசட்டபிள்யூ3 ஆக்கி வயரில் ஏற்றலாம். இரண்டாவது வழிதான் நம் கட்டுப்பாட்டில் இருக்கும். மாற்றுமுன் நூல் விபரத்தில் மொழியைத் தமிழ் என்று குறியுங்கள். பல கோப்புகளில் அது ஆங்கிலம் என்றே கிடக்கும், எழுத்துரு குழம்புவதற்கு அது ஒரு காரணம். அதே மாற்றும் திரையில் நோட்டோ செரிஃப் தமிழ் எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே பதித்துவிட்டால் பிறகு தொல்லையில்லை. கருவியில் வரி இடைவெளியை ஒரு படி கூட்டுங்கள், இல்லாவிட்டால் மேல்வரியின் ஊகாரச் சுழியும் கீழ்வரியின் ஈகாரக் கொக்கியும் முட்டிக்கொள்ளும். இருபக்கமும் சீராக்கும் அமைப்பை நிறுத்தி இடப்பக்கம் மட்டும் ஒழுங்காக வையுங்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. சீராக்கினால் ஒரு வரியில் மூன்று சொல் நின்று நடுவே பெரிய வெளி விழும்.

நம் நாட்டில் தட்டச்சான பழைய கோப்புகளில் நிறைய பாமினி எழுத்துருவில் உள்ளவை. அவற்றை அப்படியே ஏற்றினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டும். கிண்டிலில் என்ன செய்தாலும் சரிவராது. கணினியில் ஒருங்குறிக்கு மாற்றிவிட்டுத்தான் ஈபப் ஆக்க வேண்டும். மாற்றியதும் கொம்பும் காலும் இடம் மாறியிருக்கின்றனவா என்று நாலைந்து பக்கமாவது பாருங்கள்.

‘நூலகம்’ என்ற இணையத்தளத்தில் உள்ள இலங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் வாசிக்கவே கிண்டில் வாங்க நினைப்பவர்கள் வேண்டாம், விட்டுவிடுங்கள். அவை பெரும்பாலும் பக்கத்தைப் படமாக எடுத்த பிடிஎஃப். 6.8 அங்குலத்தில் எழுத்து எறும்பாகிவிடும், பெரிதாக்கினால் ஒவ்வொரு வரிக்கும் இடம்வலம் இழுக்க வேண்டும். கே2பிடிஎஃப்ஒப்ட் மென்பொருள் அந்தப் படத்தைச் சொல் சொல்லாக வெட்டிச் சிறு திரைக்கு அடுக்கித் தரும். சுத்தமான ஸ்கேனுக்கு அது பலிக்கும். தாளில் கறையும் கோணலும் இருந்தால் கறையையும் எழுத்தென்று நினைத்து அடுக்கும். இந்தத் தேவைக்கு 10 அங்குல டெப்லெட்தான் சரி.

இனி, நாவல்களைப் பரிமாறி வாசிக்கும் வட்டங்களின் விசயம். காசு கொடுத்து வாங்கிய கிண்டில் நூலை அச்சுப் புத்தகம் போல இன்னொருவர் கையில் கொடுக்க முடியாது. 2025 பெப்ரவரியிலிருந்து, வாங்கிய நூலைக் கணினிக்கு இறக்கி வயரில் ஏற்றும் வழியையும் அமேசன் மூடிவிட்டது. ஒரே கணக்கில் பல கருவிகளைப் பதிந்து பகிர்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் அந்தக் கணக்கில் உள்ள வங்கி அட்டை எல்லார் கைக்கும் எட்டும் என்பது ஒரு பக்கம். அதைவிட எரிச்சலானது, ஒரே நாவலை இருவர் வாசிக்கும்போது, வாசித்த இடத்தைக் கருவிகளுக்கிடையே ஒத்துவைக்கும் ‘விஸ்பர்சிங்க்’ வசதி மற்றவர் எட்டிய பக்கத்துக்குப் போகலாமா என்று கேட்பது. தவறி ஆம் என்று தட்டியவருக்குக் கொலைகாரன் யார், எந்தக் கிரகம் வெடித்தது எல்லாம் அம்பலம். அமைப்பில் அதை நிறுத்திவிட்டு வாசியுங்கள். பிடித்த பகுதிகளை வட்ஸ்அப்பில் பகிர நல்ல வழி இருக்கிறது: கோடிட்ட வரிகள் எல்லாம் ‘மை கிளிப்பிங்ஸ்’ என்ற உரைக் கோப்பில் சேரும், கணினியில் செருகினால் தமிழும் அப்படியே வெட்டி ஒட்டக் கிடைக்கும். வாங்கிய நூலில் பதிப்பாளர் வைத்த அளவுக்கு மேல் கோடிட்டால் அந்த வரிகள் அதில் ஏறாது.

அமேசனுக்கு இலங்கையில் தனிக் கடை இல்லாததால், கருவி இறக்குமதிக் கடையிலோ வெளிநாட்டு உறவினர் கையிலோதான் வரும். பாவித்ததை வாங்கினால் காசு கொடுக்குமுன் போன் ஹொட்ஸ்பொட்டில் இணைத்து உங்கள் கணக்கில் பதிந்து பாருங்கள். பழையவரின் கணக்கிலிருந்து நீக்கப்படாதது பதிவதில் சிக்கல் தரலாம், களவு போனதாக முறையிடப்பட்டது பதியாது. ஒளியை முழுக்கக் கூட்டி இருட்டில் ஒரு வெள்ளைப் பக்கத்தைத் திறந்தால் திரையில் கறுப்புப் புள்ளி இருந்தால் தெரிந்துவிடும். சார்ஜ் துளைக்குள் பச்சைப் பூப்பும் இருக்கிறதா பாருங்கள். ஈரத்தில் கிடந்த கருவி என்பதற்கு அது அடையாளம்.