ட்ரம்பெட் வகுப்பு: 72,000 ரூபாயும் 4,000 ரூபாயும்

மகன் பள்ளிக்கூட பாண்டில் ட்ரம்பெட் ஊதினவன். ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) முடிந்ததும் இதையே படிக்கப்போகிறேன் என்றான். நான் கல்லடியில் தையல் தைக்கிறவள். சீட்டுக் காசை எடுத்து மட்டக்களப்பு டவுனில் ஒரு சான்றிதழ் வகுப்பில் சேர்த்துவிட்டேன். ஆறு மாதத்துக்கு 72,000 ரூபாய். கண்ணாடிக் கதவும் ஏசியும் பார்த்து நம்பிவிட்டேன்.

சனிக்கிழமை இரண்டு மணித்தியாலம், பிள்ளைகள் 12 பேர். ஆளுக்கு 10 நிமிடம். 24 வாரத்தில் மகனுக்கென்று கிடைத்தது மொத்தம் 4 மணித்தியாலம். மெஷினில் இருந்தபடியே கணக்குப் போட்டேன்: மணித்தியாலத்துக்கு 18,000 ரூபாய்! சொல்லிக்கொடுத்தவர் நல்ல மனிசர், கீபோர்ட் அருமையாக வாசிப்பார். ஆனால் ட்ரம்பெட்டை வாயில் வைத்து அவர் ஊதி ஒருநாளும் நான் காணவில்லை.

ட்ரம்பெட்டில் விரலால் அழுத்த இருப்பது மூன்றே வால்வு. ஒன்றையும் அழுத்தாமல் உதட்டாலும் காற்றாலும் மட்டுமே ஸ, ப, மேல் ஸ, க என்று ஏறிப் போகலாம். விரல் வைப்பதை யூடியூபில் பார்த்தும் படிக்கலாம். உதடு விடுகிற பிழையை, தானே ஊதிப் பழகிய ஒருவர் பக்கத்தில் இருந்துதான் பிடிக்க வேண்டும். நாம் காசு கொடுப்பது அதற்குத்தான்.

அப்புறம் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு ட்ரம்பெட்காரரைப் பிடித்தோம். தனி வகுப்பு, மணித்தியாலத்துக்கு 4,000, மாதம் இரண்டு தரம். ஒரு தரம் இரவு பஸ்ஸில் போக வர, சாப்பாட்டோடு 5,000 முடிகிறது. 300 கிலோமீற்றருக்கு மேல் போய் வந்தும் 9,000 தான், பழைய கணக்கில் சரிபாதி.

முதல் நாள் நானும் கூடப் போனேன். 20 நிமிடம் வாயில் வைக்கிற மவுத்பீஸை மட்டும் கொடுத்து ஊதச் சொன்னார். பிறகு மகனின் மேலுதட்டில் சிவந்து பதிந்திருந்த வளையத்தைக் காட்டி, "அமத்தாதே தம்பி, காற்றைக் கொடு" என்றார். ஆறு மாதம் வகுப்புக்குப் போன பிள்ளையிடம் அதை அதுவரை யாரும் சொல்லவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

குறையும் உண்டு. கல்யாண வீட்டு வாசிப்பு வந்தால் கடைசி நேரத்தில் நாளை மாற்றுவார். ஒருதரம் நாங்கள் பஸ் ஏறிய பிறகுதான் அழைப்பு வந்தது. ஆனாலும் பழைய ட்ரம்பெட் வாங்கக் கூடவே வந்தார். வால்வை அழுத்தாமல் அதன் சிறு குழாயை இழுத்துப் பார்த்தார். 'டப்' என்று சத்தம் வந்த பிறகுதான், காற்று ஒழுகவில்லை, எடுக்கலாம் என்றார்.

வீட்டுக்குக் கிட்டவே சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறதே என்று அக்கம்பக்கத்தில் கேட்கிறார்கள். அங்கே கர்நாடக சங்கீதம் படிக்கலாம். இவன் தேடுவது மேலைத்தேய இசை. அதனால் கொழும்பில் உள்ள கட்புல அரங்கேற்றக் கலைகள் பல்கலைக்கழகத்தை மனதில் வைத்திருக்கிறான். அரச பல்கலைக்கழகம், படிப்புக் கட்டணம் இல்லை. போர்டிங் செலவுதான். ஆனால் அங்கே சேர வைக்கிற உளச்சார்புப் பரீட்சையில் ஊதிக் காட்ட வேண்டும். அதுவரைக்கும் இன்னும் நான்கு வகுப்புக்கு 36,000 ரூபாய் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.